ஒரு படகுக்கு எத்தனை எஞ்சின்

1962 மார்ச் 12, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் தலையைப் பிளக்கும் வெயில். குளத்தில் தண்ணீர் இறங்குகிறது. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட காட்டு மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டுகின்றன. படகுக்கு ஆகாத காலம்.

லொறி பற்றரிக்குத் தண்ணீர். சின்ன மகளுக்குச் செருப்பு. கடைக் கூரையில் உடைந்த ஓடு, மழைக்கு முன் மாற்ற.

ரஷீத் மச்சான் திருகோணமலையிலிருந்து படகு கொண்டுவந்து இறக்கிவிட்டார். என் மனைவி ஸுபைதாவின் மூத்த நானா, அதாவது அண்ணன். நீலப் பெயின்ற், பின்பலகையில் இரண்டு எஞ்சின். இரண்டும் என் படகு எஞ்சினின் சாதிதான். துறையில் பெரஹரா ஊர்வலம் பார்க்கிற கூட்டம்.

"மச்சான், உங்க படகு ஒரு தரம் போய் வர்றதுக்குள்ள நான் ரெண்டு தரம் போய் வந்துருவேன்" என்றார், எல்லாருக்கும் கேட்க.

"தண்ணி சொல்லட்டும் மச்சான்" என்றேன். வயிறு எரிந்தது.

மார்ச் 13, செவ்வாய்

கிராமச் சபைக்குப் போனேன். துறை ஒடுக்கமாம், படகு விட ஒரே ஓர் அனுமதிதானாம். எனக்கும் மச்சானுக்கும் போட்டி.

இது எப்படி நியாயம்? பழைய வண்டிப்பாதை குளத்துக்குள் மூழ்கிய பிறகு காடு வெட்டிப் பயிர் செய்யும் அக்கரைச் சேனைக்காரன் தன் மிளகாயையும் பூசணியையும் தலையில் வைத்துக் காட்டைச் சுற்றி நடந்தான். எங்கள் நாலந்தாவில் கடை வைத்திருந்த எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு விட்டவன் நான். முதலில் துடுப்பு, பிறகு எஞ்சின். அனுமதி போனால் அக்கரைச் சரக்கு மொத்தமும் மச்சான் கைக்குப் போகும். நான் இக்கரையில் நின்று கைக்குட்டை ஆட்டலாம்.

சபைத் தலைவர், மாத்தயா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிறவர், வண்டி மாடு வளர்க்கிறவர். சிங்களத்தில் கேட்டார்: "ஒத்த மாட்டு வண்டிய விட ரெட்ட மாட்டு வண்டி நல்லதுதானே முதலாளி?"

"மாட்டுக்குக் கால் ஊன்றத் தரை இருக்கு மாத்தயா. தண்ணியில என்ன இருக்கு?"

யோசித்தார். "அப்ப ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்க."

மார்ச் 15, வியாழன்

பல்வலி. கராம்பு எண்ணெய் வைத்தும் குறையவில்லை.

சாப்பிடும்போது ஸுபைதாவுக்கு விளக்கினேன். மாத்தளைச் சந்தையில் மூட்டை சுமந்த முதுகு இது. இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. ஒருவன் காலடிக்கு மற்றவன் காத்திருக்க வேண்டும். கூலி மட்டும் இரண்டு. எஞ்சினும் அப்படியே. படகு தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் முன்னால் தண்ணீர் மலையாய் எழும்புமே தவிர வழி விடாது.

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஒருத்தன் கால் வழுக்கினா?"

"என்ன?"

"மூட்டையக் கீழ விழாமப் புடிக்க மத்தவன் இருப்பான்ல?"

நானாவுக்குப் பரிந்து பேசுகிறாய் என்றேன். இல்லை, மூட்டைக்குப் பரிந்து பேசுகிறேன் என்றாள். இவளிடம் வாய் கொடுக்கக் கூடாது.

மார்ச் 16, வெள்ளி

ஜும்மா முடிந்து நேரே துறை. படகைக் கவிழ்த்து அடிப்பாசி முழுவதும் சுரண்டினேன். வழுவழுவென்று மாம்பழத் தோல் மாதிரி. பாசி பிடித்த அடியோடு ஓட்டுகிறவன் பெற்றோலைக் குளத்தில் கொட்டுகிறவன்.

மச்சானின் படகையும் சுற்றிப் பார்த்தேன். எஞ்சின் இரண்டும் இரண்டு ஓரத்தில். என் எஞ்சினின் விசிறி நடுவில், அடிமரத்தின் மறைவில் இருக்கிறது. மரக்கட்டை இடித்தால் முதலில் அடிமரம் வாங்கிக்கொள்ளும். அவருக்கு இரண்டு விசிறியும் வெளியே, வாங்கோ என்று கட்டையைக் கூப்பிட்டபடி. சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 18, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு படகிலும் ஒரே அளவு பூசணி. டாங்கிகளில் தலைவரே அளந்து ஊற்றிய பெற்றோல். அக்கரை போய்த் திரும்ப வேண்டும்.

மச்சான் பாய்ந்து போனார். இரண்டு எஞ்சினின் பாரம், அவருடைய பாரம், எல்லாம் பின்னால். படகு குந்திக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போனது. முதலில் கரைக்கு வந்தவரும் அவர்தான். இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். அது பாதி எரிவதற்குள் நானும் வந்து சேர்ந்தேன்.

தலைவர் டாங்கிகளில் குச்சி விட்டுப் பார்த்தார். எனக்குச் செலவானதுபோலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மச்சானுக்கு.

"அரைப் பீடி நேரத்துக்கு ஒரு எஞ்சினோட பெற்றோல்!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் முகம் பீட்றூட். எனக்கு மார்பு புடைத்தது, மறைக்கவில்லை.

அப்போதுதான் அக்கரைப் பொடிமெனிக்கா வாய் திறந்தாள். என் படகில் வழக்கமாக மிளகாய் கொண்டுவருகிறவள்.

"முதலாளி, நடுக்குளத்துல எஞ்சின் நின்னா? எனக்கு நீந்தத் தெரியாது."

தலைவர் தலையாட்டினார். "நியாயம். ரெண்டு பேரும் போய் ஆளுக்கு ஒரு எஞ்சின நிப்பாட்டுங்க."

"எனக்கு இருக்கிறதே ஒண்ணு மாத்தயா!"

"அதத்தான் அவளும் கேக்குறா."

பின்னேரக் காற்று எழும்பிவிட்டது. நடுக்குளத்தில் எஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுத்தேன். பூசணிப் பாரம். வலித்தேன், வலித்தேன். படகு நான் சொன்ன பக்கம் போகவில்லை, காற்று சொன்ன பக்கம் போனது. செத்த மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன்.

மச்சான் வந்தார். ஓர் எஞ்சினைத் தூக்கி மடக்கிவிட்டு மற்றதில் மட்டும்.

"கயிறப் புடிங்க மச்சான்! பயப்படாதீங்க, தங்கச்சிய விதவையாக்க மாட்டேன்!"

கரை முழுக்கச் சிரிப்பு. காது எரிந்தது. கட்டி இழுபட்டு வந்தேன், சந்தைக்குப் போகும் ஆடு மாதிரி.

ஆனால் ஒன்று. இழுபட்டு வரும்போது என் கண் அவர் பின்பலகையை விட்டு அகலவில்லை. ஓர் எஞ்சின். இரண்டு படகு, இரண்டு படகுப் பூசணி, இரண்டு தடித்த மச்சான்மார். கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் முக்கல் முனகல் இல்லாமல் இழுத்தது.

தூக்கம் வராது இன்று. அவமானத்தால் அல்ல.

மார்ச் 19, திங்கள்

தலைவர் வீடு. மச்சான் எனக்கு முன்பே போய்ச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நேத்து என்ன இழுத்தது எத்தன எஞ்சின்?"

"ஒண்ணு. ஒண்ணே போதும் உங்களுக்கு!"

"அதேதான். அப்ப ரெண்டாவது எஞ்சினுக்கு உங்க படகுல என்ன வேல? டிக்கட் எடுக்காம வர்ற பயணி."

தலைவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

சொன்னேன். மச்சான் படகில் ஓர் எஞ்சின், என் படகில் ஓர் எஞ்சின். ஒன்று நின்றால் மற்றது போய் இழுத்து வரும். மிஞ்சும் மூன்றாவது என் கொட்டிலில், பழுது பார்க்கும் நாளுக்கு. துறை ஒடுக்கம் என்ற பேச்சும் இல்லை, ஒரு படகு இங்கே நிற்கும்போது மற்றது அக்கரையில். ஓர் அனுமதி, இரண்டு பெயர். பொடிமெனிக்காவுக்கு நீச்சல் தேவையில்லை.

மச்சான் தாடியைத் தடவினார். பெற்றோல் கணக்கு அவருக்கும் உறைத்திருக்கிறது. கடைசியில், "சரி, ஆனா எம் பேருதான் முதல்ல" என்றார்.

நான் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தேன். வருத்தம்போல. "மூத்தவர் நீங்க, போடுங்க. அப்ப காலை ஓட்டமாவது எனக்குத் தாங்க, பின்னேரம் உங்களுக்கு."

உடனே தந்துவிட்டார். தன் பெயர் எழுதப்படுவதை எட்டிப் பார்த்தபடி.

வீட்டில் சொன்னேன். ஸுபைதா முறைத்தாள். "எங்க நானாவுக்குப் பின்னேரக் காத்தப் பத்தித் தெரியாதா?"

"படகு வாங்கினாரு. இந்தக் குளத்துக் காத்த எங்க போய் வாங்குறது?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்புத்தான்.

மார்ச் 24, சனி

பல்வலி போயிற்று. செருப்பு வாங்கியாகிவிட்டது, ஓர் அளவு பெரிது. வளருவாள்.

காலைத் தண்ணீர் கண்ணாடி. எஞ்சினை அரை வேகத்தில் விட்டாலே எண்ணெயில் போவதுபோலப் போகிறது. இரண்டு ஓட்டம் போனாலும் டாங்கியில் மிச்சம். மிளகாய் மூட்டை, சோளம், புகையிலை எல்லாம் விடிந்ததும் அக்கரையில் காத்திருக்கின்றன. வெயில் ஏறினால் யார் சுமப்பார்கள்? பூசணி கொஞ்சம் பின்னேரத்துக்கு மிஞ்சும், மச்சானுக்கு.

துறையில் சபையின் பலகை அடித்திருக்கிறார்கள். மச்சான் பெயர் மேலே, என் பெயர் கீழே. நின்று வாசித்தேன். மூட்டை சுமந்தவன் பெயர் அரசாங்கப் பலகையில். கீழே இருந்தால் என்ன, கண் மட்டத்தில் இருக்கிறது.

மார்ச் 27, செவ்வாய்

பகல் உறைப்பு வெயில், பின்னேரம் பலத்த காற்று.

கடை மூடும் நேரத்தில் மச்சான் வந்தார். சாரம் இடுப்பு வரை நனைந்து ஒட்டிக்கிடந்தது. பெற்றோல் இரவல் கேட்டார், கொடுத்தேன்.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "மச்சான், இந்தப் பின்னேரக் காத்து எப்பவும் இப்பிடித்தானா?"

"சிங்கள வருஷம் கழியட்டும் மச்சான்" என்றேன்.

அது சித்திரையில். கழிந்தால் கச்சான், தென்மேற்கிலிருந்து வரும் பேய்க்காற்று. இப்போது அடிப்பது அதன் குஞ்சு.