துப்பாத ஒரு வாய்

மார்ச் 4

விஸ்கி ஆலையில் இன்று ருசி பார்க்க ஐந்து கிளாஸ். தானிய விஸ்கி: பஞ்சு மிட்டாய், வேறொன்றும் இல்லை, 71. புகைபோட்ட பார்லி: மழையில் அணைந்த அடுப்பு, 84. அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வாயில் சுழற்று, துப்பு, கொப்பளி, மார்க் போடு. குடியை விட்டவனுக்கு இப்படியொரு பிழைப்பு! "பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச கதைதான், மாப்ள" என்பான் மச்சான்.

வீட்டில் வேறு பரீட்சை. தொழிலால் என் வாய் தினமும் நாறும். மோந்து பார்த்து, குடித்தேனா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் நான் வந்ததும் மனைவி ஊசியும் நூலும் நீட்டுவாள். "சட்டைப் பொத்தான் பிஞ்சிருக்கு, கோர்த்துக் குடுங்க." குடித்த காலத்தில் ஊசிக்காது என் கண்ணில் பட்டதே இல்லை. இத்தனை பொத்தான் எப்படிப் பிய்கிறது? அவளேதான் பிய்க்கிறாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 5

கோர்த்தேன்.

மார்ச் 9

ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய விஸ்கி ஒன்று வந்தது. உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், கடைசியில் மெல்லிய கசப்பு. 93.

துப்பவில்லை. ஏன்? யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டது. ஒரு வாய்தானே — இந்தத் 'தானே'வை எத்தனை தடவை சொல்லியிருக்கேன் நான்!

சாயங்காலம் முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போய்விட்டது. அவளுக்கு முகம் மலர்ந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பொத்தான் தைத்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10

தூக்கமில்லை. ஒரு வாய் விழுங்கினால் ஊசிக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12

இன்று மூன்று வாய். நூல் இரண்டாவது தடவை போனது. "கண்ணாடி மாத்தணும்போல" என்றாள். ஆமாம் என்றேன். பாவி.

மார்ச் 16

ஆலையில் எங்கள் ருசிப் பிரிவின் சீஃப் கூப்பிட்டார். முதல் கிளாஸுக்கு 70 போட்டிருந்தேன், கடைசி கிளாஸுக்கு 95. அந்தக் கடைசி, போன மாதம் நானே 68 போட்டுக் கழித்த சரக்கு. சொல்லாமல் திரும்ப வைத்திருக்கிறார்.

"துப்புறவன் மார்க் ஏறும், இறங்கும். விழுங்குறவன் மார்க் ஏறிக்கிட்டே போகும்ப்பா. வீட்ல தெரியுமா?"

கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலையில் அவள் ஊசியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "வேணாம்மா. குடுத்தா கோர்த்துடுவேன். ஆனா குடிச்சிருக்கேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. கத்துவாள் என்று நினைத்தேன். "அன்னிக்கு நான் பாட்டுப் பாடினேனே, அன்னிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

தலையாட்டினேன்.

மார்ச் 17

பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

மார்ச் 21

இன்றும் பேசவில்லை. திட்டித் தொலைச்சிருந்தாலாவது நிம்மதியா இருக்கும்!

ஏப்ரல் 2

சீஃப் ஒத்துக்கொண்டார். இனி எனக்கு மூக்கு மட்டும், வாயில் படாது. ருசி பார்க்க வேறு ஆள். ரை விஸ்கி: மிளகு, அப்போதுதான் சீவிய பென்சில், 82. மோந்ததோடு கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

வீட்டில் கதவருகிலேயே நின்றாள். கையில் ஊசி இல்லை.

"இன்னிக்கு?"

"இல்ல."

வெகுநேரம் என் கண்ணையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். கொடியில் என் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பொத்தானும் இருந்தது.