பச்சையில் வெள்ளைக் கோடு

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காத்து. மாடிக் கொடியில் போட்ட பனியன் பறந்து ஜெபமணி வீட்டு மாடிக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பனியன். ஒரு ஆளுக்குத் துவைத்தால் அவ்வளவுதான் வரும்.

இன்றைய வேலை: கார் பிரேக் லைட். மூணு மாசமாக எரியவில்லை. எலக்ட்ரீஷியனிடம் மூணு தடவை போயாச்சு. ஒவ்வொரு தடவையும் குமரேசன் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் வேறு வண்டி வந்துவிடும். "அடுத்த வாரம் வாங்கண்ணா." ஆக, நானே செய்வது என்று முடிவு. நெட்டில் நம் வண்டியின் வயரிங் டயகிராம் கிடைத்தது.

வழக்கு விவரம் (எனக்கே மறந்துபோனால் படிக்க):

குமரேசன், என் பெண்டாட்டி வசந்தாவின் தம்பி. குன்னத்தூரில் காருக்கு சீட் கவர், ஸ்பீக்கர், கேமரா மாட்டும் கடை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா மாட்டினான். நாலாம் நாள் புதன்கிழமை, ஊத்துக்குளி ரோட்டில் நான் பிரேக் அடிக்க, பின்னால் வந்த டெம்போ எங்கள் மேல். உங்க லைட்டே எரியலையே என்று டெம்போக்காரர் சத்தம். வசந்தாவுக்கு வலது மணிக்கட்டு பிசகி இரண்டு வாரம் கட்டு. கேமரா மாட்டினவன் வேலை இது என்று ரோட்டிலேயே தீர்ப்பு சொன்னேன்.

அதோடு விட்டேனா. மே கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் நடித்தே காட்டினேன். குமரேசன் மாதிரி மூக்கை உறிஞ்சி, ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, "சிங்கிள் வயர்ல டபுள் கரண்டுங்க மாமா" என்று. அவன் அப்படிச் சொன்னதே இல்லை. பந்தியே குலுங்கியது. அடுத்த வரிசையில் பாயச வாளியோடு நின்றிருந்தான் அவன். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் சாப்பிட வரவில்லை. வசந்தா மண்டபத்திலிருந்தே அவள் அம்மாவோடு குன்னத்தூர் பஸ் ஏறினாள். இன்றோடு ஏழு வாரம்.

என் திட்டம்: லைட் எரிவது அப்புறம். குமரேசன் சொதப்பிய இடத்தை டயகிராமில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து வசந்தாவுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் முதல்.

மதியம்: நேற்றைய சாம்பார். ராத்திரி: அதே.

ஜூலை 14, திங்கள்

ஜெராக்ஸ் கடை. டயகிராம் பெரிசு, நாலு தாளில் எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. கடைப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது டி-சர்ட்டுக்கு நெஞ்சுல வருதுங்களா முதுகுலயா என்று கேட்டாள். முதுகு என்றேன். இந்தப் பனியன் ஊரில் எந்தக் கிறுக்கலும் ஒரு சட்டையில் போய் முடியும்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். துணியில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் டேபிளில் இரண்டு பேர் புதுசு. பழைய ஆட்கள் விடவில்லை, "அண்ணா, அந்த டபுள் கரண்டு." நடித்தேன். டெம்போ இப்போது லாரி ஆகிவிட்டது. பாஷை தெரியாத பீகார் டெய்லர் கூடச் சிரித்தார். தமிழில் அவர் சுத்தமாகச் சொல்வது இரண்டுதான். "சம்பளம்", "டபுள் கரண்டு".

ஊடு வந்ததும் அமைதி. அந்தச் சிரிப்பெல்லாம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. பஸ்சில் கூட வருவதில்லை.

சாயங்காலம் டயகிராம் படிப்பு. பயந்த அளவுக்கு இல்லை. கோடு போட்ட துணி மாதிரிதான். ஒவ்வொரு வயருக்கும் இங்கிலீஷில் இரண்டு எழுத்து: முதல் எழுத்து தரை நிறம், அடுத்த எழுத்து மேலே ஓடும் கோடு. பிரேக் லைட் வயர்: பச்சையில் வெள்ளைக் கோடு. B என்று போட்டிருந்த கறுப்பு வயரை ஒரு மணி நேரம் நீலம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் கலர் பார்த்துச் சோறு தின்கிற ஆள்.

ஜூலை 15, செவ்வாய்

வேலைக்கு முன் அரை மணி நேரம். டயகிராம் சொன்னது: ஹார்னுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். ஹார்ன் அடித்தால் ஃபியூஸ் நல்லது. ஆகா, நான் என்ன மூளைக்காரன். நீளமாக அடித்தேன்.

ஜெபமணி வெளியே ஓடி வந்தாள். பக்கத்து வீடு, தூத்துக்குடிப் பக்கம், வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். "என்ன அண்ணாச்சி, மைனி வந்துட்டாவளா?"

இல்லம்மா, ஃபியூஸ் என்றேன். வசந்தாவின் அம்மாவுக்கு இன்னும் மேலுக்குச் சரியாகவில்லை என்றும் சொன்னேன். ஏழு வாரமாக மாமியாரைப் படுக்கையிலேயே வைத்திருக்கிறேன். அவர் அங்கே எருமை கறந்துகொண்டிருக்கிறார்.

பல்பு இரண்டும் கழற்றிப் பார்த்தேன். நல்லா இருக்கு. அடுத்து பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் டயகிராமில் போடாத ஒரு சங்கதி: மிதிக்க ஒரு ஆள், பின்னால் நின்று பார்க்க ஒரு ஆள். டெய்லருக்குக் கூட பக்கத்தில் துணி எடுத்துக் கொடுக்கக் கைமடி என்று ஒரு ஆள் உண்டு. எனக்கு இல்லை.

செய்து பார்த்தவை:
1. மிதித்துவிட்டுப் பின்னால் ஓடினேன். (ஆமாம். இதை எங்கேயும் சொல்லக்கூடாது.)
2. பெடல் மேல் இஸ்திரிப் பெட்டி. நழுவிக் கால் கட்டைவிரலில்.
3. துடைப்பக் கட்டை. ஒரு முனை பெடலில், ஒரு முனை சீட்டில் முட்டு. நின்றது.

லைட் எரியவில்லை. ஜெபமணி மதில் மேலாகப் பார்த்து, நான் வேணா வந்து மிதிக்கட்டுமா என்றாள். கட்டை நல்லா மிதிக்குதும்மா, கூலி கேக்காது என்று சிரித்து அனுப்பினேன். அவள் போன பிறகு, ஏன் வேண்டாம் என்றேன் என்று யோசித்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. இனிப் பொய்க்கு வசதி. மாமியாரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டு, "வசந்தா ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லலாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து ஆடிக்கு அழைத்துப்போன முதல் பொண்ணு.

மத்தியானம் போன். அவளேதான். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேனா என்று கேட்டாள். ஊற்றுகிறேன் என்றேன். (சாயங்காலம் ஊற்றினேன்.) அப்புறம் சொன்னாள்:

"தம்பி கடையக் காலி பண்றானுங்க. ஞாயித்துக்கெழம சாவியக் குடுக்கறான். பெருந்துறையில ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போறானாமா."

ஏன் என்றேன்.

"தம்பிகிட்ட வண்டி விட ஆளில்லீங்க. டபுள் கரண்டுன்னு கடை வாசல்லயே சொல்லிச் சிரிச்சுட்டுப் போறாங்க."

நான் சொன்னது: பேக்கிங்ல வயரே இல்ல, அவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. வைத்துவிட்டாள். போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன், பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. பீஸ் எண்ணுகிற பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

பர்மிஷன் போட்டு மூணு மணிக்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். எதற்கு என்று இன்னும் தெளிவில்லை. அவன் தப்பை நிரூபித்தால் கடையை மூடுவது நியாயம் என்று ஆகும், எனக்கும் தூக்கம் வரும் என்று நினைத்திருப்பேன்.

ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப். அதுதான் டெஸ்ட் லேம்ப். கட்டையைப் பெடலில் முட்டுக் கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் இணைப்பில் வைத்தால் பல்பு எரிகிறது. டிக்கியில் வைத்தால் இல்லை. ஆக, கரண்டு நடுவில் எங்கோ நிற்கிறது. டயகிராமில் அது ஒரு சாண் கோடு.

டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றினேன். முதலில் தெரிந்தது குமரேசன் வேலை. கேமரா வயர் சிவப்பு. இணைப்பில் ரப்பர் ஸ்லீவ், ஒரு சாணுக்கு ஒரு கிளிப், வளைவு கூட அளந்து வைத்த மாதிரி. ஏற்றுமதி பீஸில் இப்படி ஃபினிஷிங் வந்தால் நான் தட்டிக்கொடுப்பேன். பிரேக் வயரை அவன் தொடவே இல்லை. அது ஓடுவது எதிர்ப்பக்கம்.

எதிர்ப்பக்க அட்டை. வயர்க் கட்டைச் சுற்றிய துணி டேப் நைந்து நூல் நூலாக இருந்தது. அட்டை இடுக்கு வழியாக டிக்கிக்குள் நீட்டியிருந்த அந்த நூல் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தது. நூலோடு நூலாக, கட்டிலிருந்து வெளியே தொங்கியிருந்த ஒரு வயரும். பச்சையில் வெள்ளைக் கோடு.

வெட்டைப் பார்த்தால் கத்தரியா பிளேடா டிரிம்மரா என்று சொல்லிவிடுவேன். என் பிழைப்பே அது. பனியனில் பிசிறு வெட்டுகிற டிரிம்மர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். பஸ்சில் முன் சீட்டு ஆள் காலரில் நூல் தொங்கினால் கூடக் கை போகும். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளை வேட்டியில் வெட்டி வசந்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

உள்ளே போய் இதே நோட்டில் ஏப்ரலைப் புரட்டினேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"ஏப்ரல் 20, ஞாயிறு. காரில் சாம்பிள் மூட்டை ஏற்றினேன். டிக்கி ஓரம் ஒரே பிசிறு. உட்கார்ந்து மொத்தமும் வெட்டி எடுத்தேன். இப்போதுதான் பார்க்க லட்சணம். குமரேசனுக்கு ஃபினிஷிங் போதாது."

அவன் கேமரா மாட்டிய மறுநாள். டெம்போ இடிப்பதற்கு மூணு நாள் முன்.

சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டேன். போட்டோ எடுக்கவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். வண்டியைப் பின்புறமாகச் சுவரை ஒட்டி நிறுத்தி, மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தேன். சுவர் சிவந்தது. இவ்வளவு சுலபமான வழி இருந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டி வீணாகக் கட்டைவிரலில் விழுந்தது.

எரியுது என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் என்று தெரியவில்லை.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். "அண்ணா, டபுள் கரண்டு." எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். டிரிம்மரை எடுத்துக் காட்டினேன். வெட்டினது நான் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர், இது நல்லால்லீங்கண்ணா, பழசே சொல்லுங்க என்றார். அயர்னிங் மாஸ்டர், மச்சினனுக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள ஒரு பெரிய மனசு வேணும் என்று என் முதுகைத் தட்டினார். பீகார் டெய்லர் போகிற போக்கில் "டபுள் கரண்டு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

கதையைக் கிளப்பினது நான். இப்போது அது என் பேச்சையே கேட்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

காத்து. வானம் மூட்டம். குன்னத்தூர் வரை தேவையில்லாமல் பிரேக் அடித்துக்கொண்டே போனேன். பின்னால் பைக்கில் வந்தவர் ஏதோ திட்டினார். ஆக, எரிவது அவருக்குத் தெரிகிறது.

கடை போர்டு கழற்றிச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது. உள்ளே குமரேசன் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். வசந்தா பெட்டிகள் மேல் எழுதிக்கொண்டிருந்தாள், வலது கையாலேயே. மணிக்கட்டு சரியாகிவிட்டது போல.

"வாங்க மாமா" என்றான். எங்கள் பக்கம் கொலைகாரன் வந்தாலும் வாங்கதான்.

வழியெல்லாம் மூணு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டயகிராமை விரித்து, மேலே இந்த நோட்டை வைத்து, ஏப்ரல் பக்கத்தைப் படி மாப்ள என்றேன். படித்தான். "ஃபினிஷிங் போதாது" வரியையும் படித்தான், அதை மடித்து வைக்க மறந்துவிட்டேன். வசந்தா வாங்கிப் படித்தாள். இந்த நோட்டை இன்னொருத்தர் படிப்பது இதுதான் முதல் தடவை.

குமரேசன் டேப் ரோலை உருட்டிக்கொண்டே சொன்னான். "மண்டபத்துல முந்நூறு பேரு இருந்தாங்க மாமா."

இருந்தாங்க என்றேன்.

வசந்தாதான் சொன்னாள். "ஆவணியில பெரியப்பா ஊட்டுக் கல்யாணம் வருதுங்க. அதே சனந்தான் வரும். பந்தியில சொல்லோணும். நடிச்சே காட்டுங்க."

"யார மாதிரி?"

"உங்கள மாதிரி."

சரி என்றேன். ஊடு கூட்டிப்போகிற பேச்சை மெல்ல எடுத்தேன். அதையும் அந்தப் பந்திக்கு அப்புறம் பார்க்கலாமுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

இதற்குள் குமரேசன் டிக்கியில் தலையை விட்டிருந்தான். என் டேப்பைப் பிரித்தான். "சூட்டுக்கு இது வாய் பொளந்துக்குமுங்க மாமா." ரப்பர் ஸ்லீவ் இருந்தது அடிப் பெட்டியில். அந்தப் பெட்டியின் டேப்பைக் கிழித்து ஸ்லீவை எடுத்து மாட்டினான். நாலு நிமிஷம். என் ஒரு வார வேலை. பெட்டியைத் திரும்ப ஒட்டவில்லை. கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் சாவிக்கு வந்தபோது, ஆடியில சாவி கைமாற வேண்டாமுங்க, ஆவணி பொறக்கட்டும் என்று அனுப்பிவிட்டான்.

இதை எழுதுவது நல்லூரில், எங்கள் ஊட்டில். தனியாகத்தான் திரும்பினேன். துடைப்பக் கட்டை முன் சீட்டில் உட்கார்ந்து வந்தது. கண்ணாடி முன்னால் நின்று என்னை மாதிரி நடித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இன்னும் ஒரு மாசம் இருக்கிறது.

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்லீவ் மாட்டி முடித்ததும், யாராவது பிரேக்கை மிதிங்க என்றான் குமரேசன். நான் நகர்வதற்குள் வசந்தா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மே மாசத்துக்கு அப்புறம் இந்த வண்டியில் இன்றுதான் ஏறினாள். நான் பின்னால் நின்றேன்.

"எரியுதுங்களா?"

இரண்டு பக்கமும் சிவப்பு. சொன்னால் காலை எடுத்துவிடுவாள். கொஞ்ச நேரம் சொல்லவில்லை.