தமிழ் தெரியாத பேய்கள்

மாதா காவல்.

தூத்துக்குடி வெளிக்கடல்,
நங்கூரம் போட்ட இடத்திலேயே.
வெள்ளிக்கிழமை.

என் மேல் அன்பும் அதைவிடக் கூடுதலாகக் கோபமும் வைத்திருக்கும் பிளாரன்ஸுக்கு, உன் புருஷன் ஹென்றி எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை. கச்சான் காற்று கரையில் இருந்து அடிக்கும்போது, நீ பக்கத்து வீட்டோடு சண்டை பிடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் வருகிறது.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஆறாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தவன் நான். கோணலாக இருக்கும் இடமெல்லாம் கப்பல் ஆடியது என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்தக் கப்பலில் சிக்னல் கிடைப்பது சுக்கான் அறைக்கு வெளியே ஒரே ஒரு மூலையில்தான். மிச்சம் இருக்கிற ஐந்து பேரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு நிற்போம். நான் சொல்ல வேண்டியது அந்த ஐந்தில் ஒருவனைப் பற்றியது. அவன் காதில் விழக் கூடாது. அதனால்தான் எங்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுவருகிற வள்ளக்காரர் மரியான் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. உன் கடவாய்ப் பல்லை இன்னும் பிடுங்கவில்லை என்று அனுஜா சொன்னாள். பிடுங்கிவிடு. பேசுவதற்கு உனக்குப் பல் தேவையே இல்லை. அனுஜா பரீட்சையை ஒழுங்காக எழுதட்டும், அப்பாவைப் பற்றி நினைக்க வேண்டாம். அப்பா சினிமா பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்று சொல். அது பொய்யும் இல்லை.

முதலாளி கடன் கட்டவில்லை என்று கோர்ட்டு இந்தக் கப்பலைப் பிடித்து வைத்த வழக்கு அப்படியேதான் இருக்கிறது. கப்பல்காரன் எந்த நாட்டில் ஒளிந்திருக்கிறான் என்று தெரியாது. கப்பலை ஏலம் விடும்வரை ஆளில்லாமல் நங்கூரத்தில் விடக் கூடாதாம். மாற்று ஆள் வராமல் யாரும் இறங்கவும் கூடாதாம். மாற்று ஆளை அனுப்ப வேண்டியவன் கப்பல்காரன். புரிகிறதா? எனக்கும் புரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாட்டினோம், இப்போது பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறப் போகிறது. அரிசி மூட்டைகூட இந்தக் கப்பலுக்கும் கரைக்கும் போய் வரலாம், நான் போகக் கூடாது. உலகத்தில் எந்தெந்தத் துறைமுகத்திலோ இறங்கிச் சுற்றியவன், நம் ஊர் வாசலில் வந்து நிற்கிறேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது. சாயங்காலம் ஊர் விளக்கு எரிவது தெரிகிறது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

டீசலை மிச்சம் பிடிக்க, சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். அந்த நேரத்தில் போனுக்குச் சார்ஜ், அப்புறம் சினிமா. முன்னே இருந்த ஒரு ஆபீசர் இறங்கிப் போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போயிருந்தான். பூராவும் படம். எந்த நாட்டுப் படம், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. எல்லாம் பேய்ப் படமும் வேற்றுக்கிரகத்துப் படமும்தான். அதுவும் கையில் காசில்லாதவன் எடுத்த படம். ஒரு பூதம் வரும், அதன் முதுகில் ஜிப் தெரியும். ஒரு ராட்சதக் கணவாய் வரும், ஒரு ஆள் அதன் கையைத் தானே இழுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு அலறுவான். வான ஊர்தி ஒன்று, அதன் கதவு நம் வீட்டுப் பிரிட்ஜ் கதவேதான், கைப்பிடிகூட அப்படியே இருக்கிறது. முட்டை வாங்கி வருகிற அட்டைத் தட்டைக் கவிழ்த்து வெள்ளிப் பூச்சு அடித்து, அதைத்தான் பொத்தான் என்று அமுக்குகிறார்கள்.

பாஷை தெரியாமல் எத்தனை நாள் பார்ப்பது? நான் தமிழ் சொல்ல ஆரம்பித்தேன். பேய் வாயைத் திறந்தால் நான் பேசுவேன். ஜிப் வைத்த பூதத்துக்கு உன் குரல்தான். “கரண்ட் பில்லு வந்துருக்கு, யாரு விசிறியப் போட்டுட்டுத் தூங்குனது?” என்று கேட்டுக்கொண்டே அது ஊரை அழிக்கும். வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிக்கு நம் கோயில் உபதேசியார் குரல். உலகம் அழியப் போகிறது என்று அவன் கத்தும்போது, “அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வராதவங்க பேரெல்லாம் சாமியார்ட்ட போகும்” என்பேன். துணி சுற்றிய பிணம் ஒன்று உன் தம்பி ரெக்சன் மாதிரியே நடக்கும். அதற்கு யார் குரல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன் தம்பியைத்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கேப்டனுக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, அவரும் வந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் சிவப்பிரகாஷைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உடன்குடிக்காரன், அப்பா கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி பானுப்ரியாவிடம் பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அவன் இங்கேயே இருந்தான். அவள் போனில் அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். எப்போது வருவீர்கள் என்று ஒரே கேள்விதான் கேட்பாள். அதற்குப் பதில் இல்லாததால் பேசுவதையே குறைத்தான். அப்புறம் அந்தச் சிக்னல் மூலைக்கு வருவதையே விட்டுவிட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் திரும்பக் கொண்டுவந்து வைப்பான். என் சமையல் மோசம்தான், ஆனால் அவ்வளவு மோசம் இல்லை.

அவனை முதலில் பேசவைத்தது ஒரு செவ்வாய்க்கிரகத்துப் படம். சிவப்பு மணலாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, “அண்ணாச்சி, இது எங்க ஊரு தேரிக்காடுல்லா!” என்றான். நான் விடுவேனா? “ஆமாலே, அந்தா வாரான் பாரு, உங்க அப்பாட்டக் கருப்பட்டி வாங்க வந்தவன்” என்றேன். தலையில் மீன்தொட்டி மாட்டிய ஆள் ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். சிவப்பிரகாஷ் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த டீ கொட்டியது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை பிளாரன்ஸ்.

அந்தப் படத்தின் கதை இவ்வளவுதான். வான ஊர்தி பழுதாகிச் சிவப்பு மணலில் நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். கடைசியில் ஒருவன் உடுப்பை மாட்டிக்கொண்டு, பிரிட்ஜ் கதவைத் திறந்து வெளியே நடக்கிறான். அடுத்த காட்சியில் ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் வாய் சும்மா இருக்குமா? அவன் நடந்து நடந்து ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொன்னேன். பெண்டாட்டி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, “ஏன் இம்புட்டு நேரம்?” என்று கேட்டதாகவும் சொன்னேன். இவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அவன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதையும் சேர்த்துக்கொண்டேன். படத்தில் பிள்ளையே கிடையாது.

மறுநாளும் அதே படத்தைப் போடச் சொன்னான். அதற்கு மறுநாளும், அதற்கடுத்த நாளும் அதே. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாப்பிடுகிறானே, போட்டுவிட்டுப் போவோம் என்று நான்தான் அடக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் கப்பலின் பின்பக்கம் போனேன். அந்த நேரத்தில் அந்த இரும்புத் தளத்தில் காலை வைத்தால் தோசை மாதிரி வெந்துவிடும். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று நீ குறுக்கே கேட்பாய். ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நாளாக அந்த நேரத்தில் அங்கே போய்ச் சும்மா நிற்கிறேன், அவ்வளவுதான். அங்கே சிவப்பிரகாஷ் நூலேணியை இறக்கிவிட்டு, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பாதி ஏணியில் நின்றான். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். செருப்பை இடுப்பில் கட்டியிருந்தான். கரையில் மணல் சுடுமாம்.

அவனுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். கச்சான் காற்றுக் காலத்தில் மேல்தண்ணீர் கரையைவிட்டு வெளியே இழுக்கும் என்பது நம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாது. மிதவைச் சட்டை அவனை மிதக்கத்தான் வைக்கும், கரையில் கொண்டுபோய் விடாது. நான் குனிந்து அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். “ஏலே, எங்க கிளம்பிட்ட?” என்றேன். நிதானமாகச் சொல்லுகிறான்: “கரை அந்தா தெரியுது அண்ணாச்சி. அவன் போய்ச் சேந்தாம்லா. நீங்கதான சொன்னிய.”

பிடியை இன்னும் இறுக்கினேன். அந்தப் பாஷையே எனக்குத் தெரியாதுலே, நான் சொன்னது அத்தனையும் புளுகு என்றேன். நம்பவில்லை. “புளுகுன்னா, அவன் வீட்டுக்குப் போனதும் நீங்க எதுக்கு அழுதிய? நாலு நாளும் பார்த்தேன்” என்று கேட்டான். வெங்காயம் உரித்தேன் என்றேன். கப்பலில் வெங்காயம் தீர்ந்து எவ்வளவு நாளாகிறது என்று அவனுக்கும் தெரியும். அதுவரை இழுத்துக்கொண்டிருந்தவன், அதைக் கேட்டதும் என்ன நினைத்தானோ, தானாகவே மேலே ஏறி வந்தான். இரண்டு பேரும் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். என் உட்காருமிடம் இன்னும் ஆறவில்லை, சிரிக்காதே.

நடந்ததை நான் சைகையில் சொன்னதும், அன்று சாயங்காலம் கேப்டன் அந்தப் படத்தை நிறுத்தி, கையைக் காட்டிக் காட்டி எனக்கு விளக்கினார். அவருக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும்போல. கதவைத் திறந்து போகிறவன் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகிறானாம். அடுப்படியில் நிற்கிற பெண், சாகும்போது அவன் நினைத்துக்கொண்ட பெண்ணாம். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு படத்துக்குச் சரியான தமிழ் சொன்னேன், சிவப்பிரகாஷிடம். பயந்து அடங்குவான் என்று நினைத்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டு, “எப்படியோ, அவன் வெளிய போயிட்டாம்லா” என்றான்.

அதற்குப் பிறகு நான் தமிழ் சொல்வதில்லை. ஐந்து பேரும் உட்கார்ந்து பேய்கள் தங்கள் பாஷையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதுகில் ஜிப் வைத்த பூதத்துக்கெல்லாம் நான் பயப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. நூலேணியைக் கேப்டன் பூட்டி வைத்துவிட்டார். சிவப்பிரகாஷ் என் அறையில்தான் படுக்கிறான். நான் வாசலுக்குக் குறுக்கே படுக்கிறேன். என் உடம்பைத் தாண்டிப் போவது சுலபமில்லை, உனக்குத் தெரியும். ஆனால் எத்தனை நாளைக்கு? எனக்கும் சில நேரம் கண் அசந்துவிடுகிறது.

இனி இவனுக்குச் சினிமா போதாது. உயிரோடு இருக்கிற ஆள் வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் திருச்செந்தூர் பஸ் ஏறி, அங்கே இறங்கி உடன்குடிக்குப் போ. கருப்பட்டி மண்டி சிவப்பிரகாஷ் வீடு என்றால் காட்டுவார்கள். பானுப்ரியாவிடம் நான் எழுதியதை எல்லாம் சொல்லிப் பயமுறுத்தாதே. புருஷனைப் பார்க்க வா என்று மட்டும் சொல். கப்பலில் ஏறத்தான் தடை. கீழே வள்ளத்தில் நின்று பேசினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று மரியான் கேட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை தண்ணீர் கொண்டுவரும்போது, கடல் அடங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கூட்டி வருவார். பச்சைப் பிள்ளையை இந்தக் காற்றில் கொண்டுவர வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று மட்டும் அவள் கேட்கக் கூடாது. பிள்ளை எப்படித் தூங்குகிறது, யார் மூக்கு, யார் பிடிவாதம், அதையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லட்டும்.

நீ வர வேண்டும் என்று இல்லை. வள்ளத்தில் ஏறினால் உனக்கு வாந்தி வரும். ஆனால் பானுப்ரியா கடலில் போகாத பெண், தனியாக ஏறப் பயப்படுவாள், துணைக்கு ஒரு பொம்பளை இருந்தால் நல்லது. வருவதாக இருந்தால் அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொள், தூரத்தில் இருந்தே தெரியும். பேச வேண்டும் என்றுகூட இல்லை. திட்டினாலும் போதும்.

உன்னையும் பிள்ளையையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். தள்ளிப்போடாதே ஏளா. கொடி ஏறும் வரைக்கும் என்று பார்க்காதே. இந்த வாரமே வா.

உன்,
ஹென்றி.