பாதிப் போத்தலில் வெறுந்தண்ணீர்

கந்தப்பளை
14.9.1962

அன்பு மகன் செல்லசாமிக்கு அம்மா சொல்லச் சொல்ல, தங்கச்சி சண்முகவடிவு எழுதுவது. என் பல்லைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். கொழும்பில் நீ சுகமாயிருக்க முருகன் துணை.

மகனே, இங்கே நடந்த கூத்தைக் கேள். ஈறு வீங்கி இரத்தம் வடிந்து என் முன்பல் இரண்டும் ஆடுவது உனக்குத் தெரியுமே. வைகாசியில் கொழும்பிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து, பல் நிலைக்க வழி செய்கிறேன் என்று நம் தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருபது பேருக்குப் பல்லிலிருந்த காரையைச் சுரண்டினார். (அம்மா வாயில் வந்த காரையில் நம் ஒற்றை அறைக் காம்பராச் சுவரையே பூசியிருக்கலாம், அண்ணா.) பிறகு கொப்பளிக்க ஆளுக்கொரு போத்தல் சிவப்பு மருந்து. மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன பீலிக்கரையில், பக்கத்துக் காம்பரா வேலாயி வாய் எரிகிறது என்கிறாள், எனக்கோ சப்பென்று இருக்கிறது. பாதிப் பேருக்கு எரிச்சல், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. திருவிழா ஆட்டுக்கறியைக்கூட சமமாய்க் கூறு போடுகிற லயம் இது, சும்மா இருப்போமா? இருபது போத்தலையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கி, அளந்து பங்கிட்டுக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்து, நாங்கள் கலக்கியதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாதிப் பேர் போத்தலில் வெறும் சாயத்தண்ணீர்தானாம், சுரண்டினால் மட்டும் போதுமா, மருந்தும் சேர்ந்தால் கூடுதலாய்க் குணமாகுமா என்று பார்க்கத்தானாம். எல்லாம் பாழ், இனி இந்த லயத்தில் சோதனையே வேண்டாம், இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணிக்குச் சாயம் போட்டு மருந்துன்னு குடுத்தது நீங்க. குடுத்ததப் பங்கு போட்டது நாங்க. யாருங்கய்யா ஏமாத்துனது?" என்றேன்.

கங்காணி என்னை அதட்டினார். டாக்டரோ தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, மறுபடி சுரண்டிப் புதுப் போத்தல் தருகிறேன், கலக்க மாட்டோம் என்று வாக்குத் தாருங்கள் என்றார். தருகிறோம், ஆனால் பங்கில் தண்ணீர் விழுந்தவர்களுக்கு மூன்று மாதத் தவணை முடிந்ததும் அசல் மருந்து தருவதாய் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதினார். வடிவு இரண்டு தரம் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள்.

நேற்றுப் புதுப் போத்தல் வந்தது. இந்தத் தடவையும் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது, மகனே. ஆனாலும் கலக்கவில்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தத் தாளை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், பத்திரம். மார்கழியில் தவணை முடியும். அவர் வராவிட்டால் கொழும்பில் தேடிப் பிடித்து, தாளைக் காட்டி, என் போத்தலை வாங்கி வரவேண்டியது நீ. பொங்கலுக்கு நீ வரும்போது கரும்பைக் கடித்துத் தின்ன எனக்குப் பல் இருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியும் பல் விளக்கு. (நீ விளக்குவாயா என்று அம்மா என்னைக் கேட்டாள், மாட்டாய் என்று சொல்லிவிட்டேன், அண்ணா.) நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா மீனம்மா
(கைநாட்டு)