முப்பது விநாடிக்கு மேல் ஓடக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே மருத்துவமனை சர்வர் படுத்துவிட்டது. ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக வேலை செய்யும் சிறு நிரல், முடியாமல் ஓடி, மற்ற எதையும் ஓடவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது. இனி எந்த ஸ்கிரிப்டும் முப்பது விநாடிக்கு மேல் ஓடினால் சர்வரே நிறுத்திவிடும்படி அமைத்தேன். மேலாளர் முதுகில் தட்டினார். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மார்ச் 5

ஒன்றும் உடையவில்லை. அதுவே பெரிய விஷயம்.

மார்ச் 9, திங்கள்

இரத்த அழுத்த மாத்திரையில் ஒரு பேட்ச், ஒரே சமயத்தில் தயாரான தொகுதி, தவறாம்; ஒவ்வொரு மாத்திரையிலும் மருந்து இரட்டிப்பாம். எங்கள் மருந்தகத்தில் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ‘சாப்பிடாதீர்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பட்டனை அழுத்தினேன். பக்கம் வெள்ளையாக நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். சற்று நேரத்தில் வரவேற்பறையில் ஒருவர் போனில் கத்தினாராம்: “ஒரே மெசேஜ மூணு தடவ அனுப்புறீங்களே, எங்களுக்குப் படிக்கத் தெரியாதா?” சிரித்துவிட்டேன். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

அக்காவும் போன வாரத்திலிருந்து இங்கே வாங்கிய அதே மாத்திரைதான். சும்மா போனில் கேட்டேன். “எந்த மெசேஜ்டா? இப்பதான் முழுங்கினேன். ரெண்டு நாளா தலை சுத்துது.” அத்தான் உடனே இங்கே அழைத்து வந்தார். படுக்க வைத்துப் பார்த்தார்கள், பயமில்லை என்றார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தேன். முப்பதாவது விநாடியில் சர்வர் ஸ்கிரிப்டை நிறுத்தியிருக்கிறது. நான் அழுத்திய ஒவ்வொரு முறையும் முதல் பெயரிலிருந்தே தொடங்கி, பாதி வழியில் செத்திருக்கிறது. முன்னால் இருப்பவர்களுக்கு மும்மூன்று. பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஐயோ, சிரிச்சேனே — அந்த ஆளு கத்துனப்ப சிரிச்சேனே நான்!

வரம்பையே எடுத்துவிடலாமா? சர்வர் மறுபடி படுத்தால் அவசரப் பிரிவும் சேர்ந்து படுக்குமே. சிறு சிறு பகுதியாக அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றி எழுதினேன். அவசரத்தில் எளிய வரியில்கூடப் பிழை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அப்படியும் நம்பாமல் மருந்தகத்துப் பெண்ணும் நானும் விடுபட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். ஒரு தையல்காரர் மட்டும் எடுக்கவில்லை.

மார்ச் 11

எடுக்கவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “மொதல்ல ஆளைப் போய்ப் பாரு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துச் சலவைக்கடைக்காரர், “நேத்து மயங்கி விழுந்தாரு தம்பி. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுனாங்க” என்றார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மார்ச் 12

தையல்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. கடவுளே.

மார்ச் 14, சனி

கண் திறந்துவிட்டார். தண்ணீர் கேட்டாராம். பார்க்கப் போனேன். “கடை வரைக்கும் தேடி வந்த புள்ள நீதானே?” என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

“இனிமே யாருக்கும் விட்டுப்போகாதுல்ல?”

“பாத்துட்டு வந்து சொல்றேம்மா” என்றேன். என் அறைக்குத் திரும்பி, அனுப்பிய பட்டியலைக் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.