வாய்க்காலில் இறங்காத நாற்பது வீட்டாருக்கு

நலம் நிற்க, பொய் நீங்குக. மஞ்சு படியும் ஏழு குன்றுக்கும் அவற்றின் நடுவே கிடக்கும் கணவாய்க்கும் காவலரான மஞ்சுமலை நாட்டுத் திருமாவரையர், தமக்கு யாண்டு இருபத்தொன்பதாவதின் ஆவணித் திங்களில், இளவெயில் நாட்டு நெடுங்கழியில் குடிபுகுந்திருக்கும் மஞ்சுமலை மக்கள் நாற்பது வீட்டாருக்கும், அவர்களுக்குத் தலைவராகத் தம்மைத் தாமே அமர்த்திக்கொண்ட முன்னாள் படைத்தலைவர் கோடனாருக்கும் விடுக்கும் ஓலை. இளவெயில் நாட்டில் மழை தவறாதிருக்க. நெடுங்கழி மன்றத்தார் நீடு வாழ்க. அவர்தம் வாய்க்கால்கள் தூராதிருக்க. கோடனாருக்கு வாழ்த்துக் கூற அரையர் மறந்தாரில்லை, வேண்டாமென்று விட்டார்.

இதனை எழுதுகிறவன் ஓலைநாயகம் சாத்தங்கண்ணன். கசப்பெல்லாம் அரையருடையது, கையெழுத்து மட்டுமே அவனுடையது. சொற்களைக் கழுவித் துடைத்து எழுதாதே என்று இருமுறை ஆணையானபடியால், கேட்டது கேட்டபடியே எழுதலாயிற்று.

கோடனாரே, உம்முடைய விண்ணப்பம் சித்திரைத் திங்களில் வந்தது. அப்போது அரையர் இரண்டு முழங்காலிலும் சுடவைத்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, முற்றத்தில் வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். இன்னொரு பனிக்காலத்தை இந்தக் கால்கள் தாங்கா என்று மருத்துவர் கைவிரித்துச் சில திங்களாகிறது. மகளுக்கு முடிசூட்டிவிட்டு, நெடுங்கழியில் அவர்பொருட்டு நீர் அமர்த்திய கடலோர வீட்டுக்கு இவ்வாண்டு கணவாய் அடைபடுமுன் இறங்கிவிடுவது என்று அவர் துணிந்திருந்ததை நீர் அறிவீர். அந்த ஆசையை ஊட்டி வளர்த்ததே நீர்தானே! ஆறாண்டாக நீர் விடுத்த ஓலைகளிலெல்லாம் ஒரே பல்லவி: இங்கே வெயில் இதமானது, நெல் மலிவு, மீன் மலிவு, இளநீர் கேட்பாரற்றுக் கிடக்கிறது, ஆள்கூலியோ எல்லாவற்றிலும் மலிவு, விரலை அசைத்தால் நான்கு பேர் ஓடிவருகிறார்கள் என்று. இதைக் கேட்டுக் கேட்டே இங்கே பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கையாலேயே இப்போது என்ன எழுதினீர்? நெடுங்கழியார் வஞ்சகர், நாற்பது வீட்டையும் பறித்துக்கொண்டார்கள், அரையருடைய வீடும் போயிற்று, உம்முடைய வீட்டை உம் வேலைக்காரி ஒருத்தியே எடுத்துக்கொண்டு உம்மை அவமதித்தாள், ஆகவே குதிரைவீரர் நாற்பதின்மரை உடனே அனுப்பியருள்க என்று. அரையருக்கு ரத்தம் கொதித்தது, பொய் சொல்வானேன். முழங்கால் வலியை மறந்து எழுந்தே நின்றுவிட்டார். ஆயினும் படையை அனுப்புமுன் ஒரு நடை பார்த்து வரட்டும் என்று அமைச்சர் அழிசியாரை அனுப்பினார். அது தெய்வச்செயல் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அழிசியார் வைகாசி வெயிலில் நெடுங்கழிக்கு வந்து சேர்ந்தபோது உம்முடைய வளவில் விருந்து நடந்துகொண்டிருந்ததாம். உடம்பெல்லாம் வேர்வை வழிந்தோட, நாற்பது வீட்டாரும் தோளில் மலைக்கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டதற்கு, நாங்கள் இவ்வூராரல்லர் என்று காட்டவேண்டாமா என்று விடை வந்ததாம். கம்பளி நாற்றத்தில் தமக்குச் சோறு இறங்கவில்லை என்று அழிசியார் சொன்னார். சீ, குளிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் வெயிலில் கம்பளி போர்த்துவதா!

மருத்துவர் வீடு எத்தெருவில் என்று அழிசியார் கேட்டார். ஆளனுப்பினால் வருவான், தெரு எதற்கு என்றீர்கள். கழி எந்தத் திங்களில் பொங்கும், எந்தப் பக்கம் மேடு என்று கேட்டார். நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். அவ்வூர் மொழியில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். வா, போ, கொண்டுவா என்னும் மூன்று சொல் போதுமானதாக இருக்கிறது என்று, வெட்கமில்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆறு ஆண்டுக்கு மூன்று சொல்! இந்த லட்சணத்தில், இவ்வூராருக்கு எவ்வளவு சொன்னாலும் நம் பேச்சு விளங்கவில்லை என்று குறை வேறு.

பின்னர் அழிசியார் மன்றத்துக்குப் போய், குடியேறிய நாளில் எழுதிய ஓலையைப் படிக்கச் சொல்லித் தம் துபாசியை மொழிபெயர்க்கவைத்துக் கேட்டார். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. நெடுங்கழியில் வீடென்பது வாய்க்கால் தண்ணீரோடு சேர்ந்தது. தண்ணீர் குடிக்கிற வீட்டார் புரட்டாசிதோறும் வாய்க்காலில் இறங்கித் தம் பங்குக்குத் தூர்வார வேண்டும். ஒரு வீட்டின் பங்குக்கு யார் ஆறாண்டு சேற்றில் இறங்கினாரோ, அவருக்கே அந்த வீடு. மன்றத்தார் இதை ஒரு துபாசியைக்கொண்டு மூன்று முறை நம் மொழியில் உங்களுக்குச் சொல்லவைத்து, வாய்க்கால் நீரை உள்ளங்கையில் வார்த்தார்கள். நீங்களும் தலையாட்டிக் குடித்தீர்கள்.

அது நினைவில்லையா என்று கேட்டதற்கு, கோடனாரே, நீர் சொன்ன மறுமொழியை அழிசியார் மறுபடி சொல்லவே கூசினார். அன்று கண்ணெல்லாம் தென்னந்தோப்பின்மேல் இருந்தது, அதையெல்லாம் யார் காதில் வாங்கினார்கள். ஆள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஊரில் எவனாவது தன் காலைச் சேற்றில் வைப்பானா. ஆகவே ஆண்டுதோறும் வேலைக்காரர்களை அனுப்பினோம் என்றீர். அனுப்பினீர் அல்லவா? அவர்கள் இறங்கினார்கள். இப்போது வீடு அவர்களுடையது. இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது என்று அரையர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினார், அகப்படவில்லை.

உம் வேலைக்காரியையும் அழிசியார் கண்டு பேசினார். அவள் பெயர் செருந்தி. உம் வீட்டில் சேர்ந்த ஆறாம் மாதமே நம் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டவள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதச் சொல்லி ஆணை: "நான் யாரையும் வெளிய போன்னு சொல்லலீங்கய்யா. ஆறு வருசமா அந்தச் சேத்துல நின்னது நானு. வீடு உனக்குன்னு மன்றத்துல சொன்னாங்க. சரி, வயசானவங்க, எங்க போவாங்க, இருந்துட்டுப் போகட்டும்னுதான் விட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ‘ஏய்’னு கூப்பிடாதீங்க, எனக்குப் பேரு இருக்கு, அதச் சொல்லிக் கூப்பிடுங்கன்னேன். அதுக்குப் போயி குதிர கேட்டாங்களாமே!"

இதைக் கேட்டதும் அரையர் வாயிலிருந்த வெற்றிலையைத் தூவெனத் துப்பிவிட்டார். உம் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துவரச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை அவள் பெயரைத் தேடினார். வேலைக்காரி என்றிருக்கிறது, கள்ளி என்றிருக்கிறது, நன்றிகெட்டவள் என்றும் இருக்கிறது. பெயர் இல்லை. நன்றி என்னும் சொல்லை எழுத உமக்கு எப்படிக் கை வந்தது? சென்ற கார்த்திகையில் உம் மனைவியார் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, காய்ச்சல் என்பதற்கு அவ்வூர்ச் சொல் தெரியாமல் நீர் தெருவில் நின்று ‘கொண்டுவா, கொண்டுவா’ என்று கத்தினீராமே. இடுப்பளவு வெள்ளத்தில் நடந்துபோய் மருத்துவரைக் கூட்டிவந்தவள் செருந்தி. இதனை அழுதுகொண்டே சொன்னவர் உம் மனைவியார். நீர் ஒரு வரி எழுதவில்லை.  

பிறகு அரையர், தம் வீட்டின் பங்குக்கு வாய்க்காலில் இறங்கியவர் யார் என்று அழிசியாரைக் கேட்டார். செருந்தியின் கணவர் தோணியன் என்று அமைச்சர் சொன்னார்.  பார்க்காத வீட்டின் முற்றம், கிணறு, கடற்காற்று எல்லாவற்றையும் ஆறாண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட அரையர், இந்த ஒன்றை மட்டும் கேட்டதில்லை. கோடனாரைத் திட்டுகிறேனே, எனக்கென்ன யோக்கியதை என்று வாய்விட்டே சொன்னார். அதையும் எழுது என்றார்.

ஆகவே ஆணையாவது. குதிரை வாராது. கோவேறு கழுதைகளின்மேல் நாற்பது மண்வெட்டிகள் வருகின்றன, வீட்டுக்கொன்றாகப் பெற்றுக்கொள்க. புரட்டாசி முதல்நாள் நாற்பது வீட்டாரும் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்குக. அன்று அரையரும் இறங்குவார். முழங்கால் மறுத்தால் கரையில் உட்கார்ந்து கூடைக்கு மண் தள்ளுவார். அது போதுமா என்பதை மன்றத்தார் சொல்லட்டும். தோணியனாருக்கு அரையர் விடுக்கும் வேண்டுகோளும் இதனுள் அடக்கம்: உங்கள் வீட்டில் ஒரு கிழவனுக்கு இடமுண்டா என்று கேட்கிறார். இல்லையென்று அவர் சொன்னால், அரையர் கோபியாமல் மலையேறி இந்தப் பனிக்காலத்தை இங்கேயே பார்த்துக்கொள்வார். தாங்காத கால்கள் தாங்காமல் போகட்டும்.

மூட்டை கட்டி நிற்கும் மற்றவர்க்கும் கணவாய் வாசலில் இதனைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. நெல் என்ன விலை என்று கேட்டது போதும். அந்த ஊரில் வலிக்கு என்ன பெயர், மருத்துவர் வீடு எங்கே, வெள்ளம் எப்போது வரும், ஊர்ப்பொதுவில் நம் கை செய்யவேண்டிய வேலை என்ன, கணவாய் அடைபட்ட ஐந்து மாதத்தில் நாம் விழுந்துவிட்டால் தூக்கப்போகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குக. அதற்கு மனமில்லாதவர் இங்கேயே குளிரில் நடுங்குக.

கோடனாரே, இவ்வோலையை நெடுங்கழி மன்றத்தில், அவ்வூர் மொழியில், உம் முன்னிலையில் படிக்கவேண்டும். நாற்பது வீட்டில் அதற்குத் தகுந்த ஆள் ஒருவருமில்லை என்பது அரையருக்குத் தெரியும். அழிசியாரின் துபாசியையும் விடைகொடுத்து அனுப்பியாயிற்று. இரண்டு மொழியும் வாய்த்தவர் உம் வீட்டில் ஒருவரே இருக்கிறார், வீட்டுக்கு உடையவர். அவர் இசைந்தாலன்றி உமக்குக் கதியில்லை.

வரையாட்டு இலச்சினை இட்டு, அரையர் கண்முன் கட்டப்பட்டது. கட்டவிழ்த்தவுடன் செய்யவேண்டிய முதற்பணி: எழுந்து, வாசல்வரை நடந்துபோய், கைகட்டி நின்று, "செருந்தி அம்மா" என்று கூப்பிடுக.