உப்பில்லாத கல்யாண விருந்து

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஜமைக்காக்காரர் நெவில் அங்கிளின் மகளுக்கு அவர்களுடைய ரஸ்தாஃபாரி மத முறையில் கல்யாணம். விருந்து முழுக்க உன் மகள் பொறுப்பு! அவர்கள் வீட்டுச் சமையலில் இறைச்சியும் கிடையாது, உப்பும் கிடையாது. நேற்று ருசி பார்க்க அங்கிளை அழைத்து, உப்பில்லாமல் உன் அவியலைச் செய்தேன். ஆனால் பழக்கதோஷத்தில் அவர் இலை ஓரத்தில் உப்பை வைத்துவிட்டேன். பதறிப்போய் எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்மா, இது உன் இலை. உட்காரு," என்று சிரித்தபடி அவரே எனக்குப் பரிமாறினார். டெக்சஸ் வந்தபிறகு எனக்கு ஒருவர் பரிமாறியது இதுதான் முதல் தடவை. பிறகு வேறு இலையில் அவியலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

கல்யாணத்துக்கு உப்புப் போடாத பருப்புப்பொடி நிறைய அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் நாகமணி

எனக்கு மட்டும் உப்புப் போட்டு ஒரு சின்ன டப்பா.